எட்டு எழுத்துக்குள் செய்துங்கநல்லூர்

பெட்டிக்குத் தமிழ் வராது.
ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெயர் வைக்கலாம்,
எட்டே எழுத்து, அதுவும் இங்கிலீஷில்.
பாளையங்கோட்டையைப் பாளை என்று முடித்தேன்,
ஊரே அப்படித்தான் முடிக்கிறது.
செய்துங்கநல்லூர்தான் மல்லுக்கு நின்றது.
நல்லூரை வெட்டிப் போட்டு
செய்துங்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

அலைவரிசை எண்ணை இங்கே எழுதப்போவதில்லை.
நூற்று அறுபதுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.
கேட்பதற்கும் லைசென்ஸ் வேண்டுமாம்,
தம்பி கிதியோன் சொல்கிறான்.
பெட்டியை வாங்கித் தந்ததும் அவன்தான்.

பன்னிரண்டரை கிலோஹெர்ட்ஸ் படி வைத்து
ஒவ்வொன்றாய் ஏற விட்டேன்.
மொட்டைமாடியில் கொடிக்கம்பத்தோடு கட்டிய ஆண்டெனா,
பக்கத்தில் என் நைட்டி காய்கிறது.
ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பினால் இரைச்சல் அடங்கும்.
இன்னும் கொஞ்சம் திருப்பினால்
ஆளும் அடங்கிவிடுவான்.
இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
பகலெல்லாம் ஹைகிரவுண்டு பக்கம் ஒரு காது டாக்டரிடம்
கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து
இதே வேலைதான்.
"சத்தம் கேட்டா அமுக்குங்க.
லேசாக் கேட்டாலும் அமுக்குங்க."

மூன்று இரவு ஒன்றுமில்லை.
நாலாவது இரவு, ஒன்பதே முக்காலுக்கு, பெட்டி செருமியது.
"ஆல் ரைட் கார்டு?"
"ஆல் ரைட், ஆல் ரைட்."
தோசைக் கரண்டியால் கைப்பிடிச் சுவரைத் தட்டினேன்.
கீழ்வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

அப்புறம் பழகிவிட்டது.
தாதன்குளம் பக்கம் தண்டவாளத்தில் ஆடு.
ஒருநாள்,
"ஏழாவது பெட்டியில எவனோ சங்கிலியப் புடிச்சு இழுத்துட்டான் சார்."
"எதுக்காம்?"
"செருப்பு கீழ விழுந்திட்டாம்."

பதினோராவது நாள், செய்துங்கவில்,
"திரும்பச் சொல்லுங்க."
டிரைவர் திரும்பச் சொன்னார்.
"திரும்பச் சொல்லுங்க."

அந்த 'ங்க'வின் இழுவை எனக்குத் தெரியும்.
போன மாசம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தது.
தேவஇரக்கம், வயது ஐம்பத்திரண்டு,
ரயில்வே ஆஸ்பத்திரி இருக்க
இங்கே வந்து காசு கொடுத்தவர்.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் இடதுகாதின் கோடு
கிணற்றுக் கயிறு மாதிரி நேரே இறங்கியது.
"ஆபீசுக்குத் தெரிய வேண்டாம்.
அங்க மெடிக்கல் ஏப்ரல்லதான்."
டாக்டர் மெஷின் எழுதிக் கொடுத்தார்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், வாங்கவில்லை.

கேட்காதவர்கள் ஒரு வேலை செய்வார்கள்.
மூன்று விநாடிக்கு ஒரு சத்தம் என்று பிடிபட்டுவிட்டால்
சத்தத்தை விட்டுவிட்டு விநாடியை எண்ணுவார்கள்.
சரியாக அமுக்குவார்கள்,
முகத்தில் அப்படியொரு பணிவு.
ஏமாற்றுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது, பாதிப் பேருக்கு.
அதனால் நாங்கள் இடைவெளியை மாற்றுவோம்.
இரண்டு, ஏழு, நான்கு.
சில சமயம் ஒன்றுமே அனுப்பாமல்
சும்மா பார்த்துக்கொண்டிருப்போம்.

நேற்று தேவஇரக்கத்துக்கு எல்லாம் சரியாகவே போனது.
பாளையில் ஆல் ரைட், செய்துங்கவில் ஆல் ரைட்.
பிசிறில்லாத பதில்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
இந்தப் பெட்டியில் பேசும் பொத்தான் கிடையாது.
தெரிந்தும் தடவிப் பார்த்தேன்.

இன்று டிரைவர் புது ஆள், சளி பிடித்த குரல்.
"கார்டு," என்றார்.
பொத்தானை விட்டுவிட்டு இருமப் போனார் போல.
ஒரு விநாடி வெறும் காற்று.
இரண்டு.
மூன்று.
"ஆல் ரைட், ஆல் ரைட்," என்றார் தேவஇரக்கம்.

டிரைவர் இன்னும் கேட்கவே இல்லை.

காலையில் கிளினிக்கைத் திறந்ததும்
ஃபைலில் அவர் நம்பரை எடுக்க வேண்டும்.
போனை இடதுகாதில் வைத்துப் பேசுகிறவரா, வலதா,
அதை நான் குறித்துவைக்கவில்லை.